டிசம்பரோட முடிஞ்ச கடிதங்கள்

நேயர்களுக்கு வணக்கம். புத்தகம் பத்தி பேசுங்கன்னு கூப்பிட்டாங்க, எந்தப் புத்தகம்னு என் இஷ்டத்துக்கே விட்டுட்டாங்க, அதனால ரொம்ப நாளா மனசுல உறுத்திக்கிட்டே இருக்கற ஒண்ணையே எடுத்துக்கிட்டேன். அயர்லாந்து எழுத்தாளர் சிசிலியா அஹர்ன். அவங்க 21 வயசுல எழுதின முதல் நாவல் 'பி.எஸ். ஐ லவ் யூ', 2004ல வந்துச்சு, 2007ல சினிமாவாவும் வந்துச்சு, சினிமா பாத்தவங்க நம்ம ஊர்லயும் நிறைய பேர் இருப்பீங்க. அதோட ரெண்டாம் பாகம் 'போஸ்ட்ஸ்கிரிப்ட்' 2019ல வந்துச்சு. முதல் புக்கை அவ்ளோ நேசிச்ச எனக்கு இது பெரிய ஏமாத்தம்.

முதல் கதை சுருக்கமா இதுதான். டப்ளின்ல ஹோலின்னு ஒரு பொண்ணு, முப்பதைத் தொடப் போற வயசு, புருஷன் ஜெர்ரி மூளைக் கட்டியில செத்துப் போறான். போறதுக்கு முன்னாடி மார்ச்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மாசத்துக்கு ஒண்ணுன்னு கடிதம் எழுதி வெச்சுட்டுப் போறான், அந்தந்த மாசம் வந்தா தான் அந்தந்தக் கவரைப் பிரிக்கணும். கேட்டா சினிமாத்தனமா தான் தெரியும். ஆனா மார்ச் கவர்ல என்ன இருக்கு தெரியுமா, படுக்கைக்குப் பக்கத்துல ஒரு லைட் வாங்கி வெச்சுக்கோன்னு இருக்கு. அவ்ளோதான். ராத்திரி யார் எழுந்து போய் லைட்டை அணைக்கறதுன்னு ரெண்டு பேருக்கும் தினம் சண்டை, அணைச்சுட்டு இருட்டுல வரும்போது இவ எதுலயாவது கால இடிச்சுக்குவா. சாகப் போற மனுஷனுக்கு அந்த இடி ஞாபகம் இருந்துருக்கு பாருங்க. காதல்னா என்னன்னு பக்கம் பக்கமா எழுதாம இந்த ஒரு லைட்டுல அந்த அம்மா சொல்லிட்டாங்க, 21 வயசுல இது எப்டி தெரிஞ்சுதுன்னு எனக்கு இன்னும் ஆச்சரியம்.

அப்புறம் அந்தக் கடிதங்கள் முடிஞ்சுடும். எனக்கு அதுதான் அந்த நாவலோட உயிர். நம்ம வடாற்காடு பக்கத்து கிராமங்கள்ல காரியத்தன்னைக்கு ராத்திரி கர்ண மோட்சம் கூத்து வைப்பாங்க, பாத்துருப்பீங்க. கர்ணன் சாகப் போறான்னு சின்னப் புள்ளைக்குக் கூட தெரியும், இருந்தாலும் பொன்னுருவிகிட்ட விடை வாங்கிட்டு அவன் போருக்குக் கெளம்புற எடத்துல முன்வரிசையில குந்தினு இருக்கற கெழவிங்க எல்லாம் முந்தானையை வாய்க்குள்ள அழுத்திக்கும். அழுகையெல்லாம் அந்த ராத்திரியோட. விடிஞ்சா கூத்து முடிஞ்சுது, பந்தலைப் பிரிக்க ஆள் வந்துடும். அழறதுக்கு ஒரு எடம் குடுத்து, ஒரு முடிவும் குடுக்கற வேலையைத்தான் அந்த நாவல்ல டிசம்பர் கவர் பண்ணுது. மறுபடியும் காதலிக்கப் பயப்படாதேன்னு சொல்லிட்டு ஜெர்ரி நிறுத்திக்கறான், அவளுக்கு அவசரமா ஒரு மாப்பிள்ளையைப் பாத்து கல்யாணம் பண்ணி வெச்சும் கதையை முடிக்கல. அந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடிச்சுது.

இப்போ ரெண்டாவது. ஜெர்ரி போய் ஏழு வருஷம் ஆச்சு. ஹோலி தங்கச்சியோட கடையில வேலை செய்யறா, கேப்ரியல்னு ஒருத்தரோட பழகறா, வீட்டை வித்துட்டு அவரோட போய் இருக்கலாம்னு இருக்கா. தங்கச்சி நடத்தற பாட்காஸ்ட்ல கடிதங்களைப் பத்திப் பேசறா, அதைக் கேட்டுட்டு, சாவு நிச்சயம்னு ஆன நோயாளிங்க சில பேர் ஒரு கிளப்பே ஆரம்பிச்சுடறாங்க, நாங்களும் எங்க வீட்டு ஆளுங்களுக்கு இந்த மாதிரி விட்டுட்டுப் போகணும், நீ சொல்லிக் குடுன்னு வந்து நிக்கறாங்க.

கேக்கறப்போ நல்லாத்தான் இருக்கு, நானும் ஆசையாத்தான் எடுத்தேன். ஆனா படிக்கப் படிக்க, ஒரு புருஷன் ஒரு பொண்டாட்டிக்கு மட்டும் எழுதின விஷயம் எல்லாரும் கத்துக்கற ஒரு முறையா மாறிப் போகுது. ஒருத்தருக்கு வீடியோ, ஒருத்தருக்கு இன்னொரு ஐடியா, இதுக்கு என்ன பண்ணலாம் அதுக்கு என்ன பண்ணலாம்னு பேச்சு ஓடுது. அந்த மனுஷங்க யாருன்னு நமக்குப் பதியறதுக்குள்ள அடுத்தவங்க வந்துடறாங்க.

வேலூர்ல இருக்கற நமக்கு இது கண்ணுல படாம போகாது. காந்தி ரோட்டுப் பக்கம் லாட்ஜுங்க பூரா வங்காளம், அஸ்ஸாம், ஜார்க்கண்ட்ல இருந்து சிகிச்சைக்கு வந்தவங்க தானே. அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு எடுத்து லாட்ஜ்லயே சமைச்சுக்குவாங்க. சாயங்காலம் மார்க்கெட்ல ஒரு அம்மா மீனைப் புரட்டிப் புரட்டிப் பாக்கும், கூட வந்தவருக்கு டாக்டர் என்ன சொல்லியிருக்காருன்னு அந்த முகத்துலயே தெரியும், ஆனா அந்த அம்மாவோட கவலை அப்போதைக்கு மீன் ஃப்ரெஷ்ஷா இல்லையாங்கறதுல இருக்கும். சாவை வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டே நாளை ஓட்டறவங்க இப்டித்தான் இருப்பாங்க. முதல் நாவல்ல இந்தக் கண்ணு இருந்துச்சு, லைட்டுல, ஜெர்ரி விட்டுட்டுப் போன சூரியகாந்தி விதையில. ரெண்டாவதுல எல்லாரும் எப்பவும் வாழ்க்கையோட அர்த்தத்தைப் பத்தியே பேசிக்கிட்டு இருக்காங்க.

என் பெரிய கோவம் வேற. ஏழு வருஷம்ங்கறது எவ்ளோ பெரிய விஷயம், அதை எழுதறதுக்கு எவ்ளோ இருந்துச்சு! என் வீட்டுக்காரர் போனப்போ தெருவே வந்து நின்னுச்சு, பக்கத்து வீட்டு அக்கா பத்து நாள் சோறு கொண்டாந்து வெச்சாங்க. வருஷம் ஆக ஆக அந்த அக்காவே "இன்னும் எத்தினி நாளைக்கு இப்டியே குந்தினு இருப்ப, எழுந்து வேலையைப் பாரு"ன்னு சொல்லிட்டாங்க, அன்பாத்தான் சொன்னாங்க. ஆனா துக்கம் அப்போ தான் வேற ரூபம் எடுக்குது. கேஸ் கனெக்‌ஷன் இன்னும் அவர் நம்பர்ல தான் இருக்கு, அதனால அந்த சிம்முக்கு நான் ரீசார்ஜ் பண்ணிக்கிட்டே வரேன். சிலிண்டர் தம்பி வாசல்ல நின்னு "ஓடிபி சொல்லுங்கக்கா"ன்னா ஓடிப் போய் அவர் போனை எடுப்பேன், ஸ்க்ரீன்ல பாலமதி மலை, அவர் எடுத்த போட்டோ, மழை பெஞ்சு ஓஞ்ச ஒரு சாயங்காலம். நாலு நம்பரைப் படிச்சுச் சொல்லிட்டு போனை அலமாரியில வெச்சுடுவேன். நம்பரை மாத்தறது ஒண்ணும் கஷ்டம் இல்ல, பொண்ணு எத்தனையோ தடவை சொல்லிட்டா. நான் மாத்தல.

இந்த மாதிரி ஒரு எடத்தைத் தான் நான் ரெண்டாவது புக்ல தேடினேன். ஹோலிக்கு இப்போ புதுசா ஒருத்தர் இருக்காரு, பழைய வீட்டை விக்கணும், ஜெர்ரி இருந்த வீடு அது, அந்த லைட் வெச்ச ரூம் அது. அறை அறையா அவளை நடக்க விட்டிருந்தாலே போதும், அதையே நான் ஒரு முழு நாவலா படிச்சிருப்பேன். அதுக்கு நேரமே இல்லாம கிளப், மீட்டிங், கேப்ரியலோட சண்டைன்னு கதை ஓடுது. நடுவுல ஒரு அருமையான கேள்வி வருது, ஜெர்ரி அந்தக் கடிதமெல்லாம் எனக்காக எழுதினானா, இல்ல தன்னை மறந்துடக் கூடாதுன்னு தனக்காக எழுதிக்கிட்டானான்னு. படிச்சப்போ நிமிந்து உக்காந்துட்டேன். செத்தவங்க மேல நமக்கு இருக்கற கோவம், அதைச் சொல்ல முடியாத குத்த உணர்ச்சி, எல்லாம் அந்த ஒரு கேள்வியில இருக்கு. கொஞ்ச நேரம் தொட்டுட்டு, யாரையும் நோகடிக்காம ஆறுதலா மூடிட்டாங்க.

நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். ஜினிகான்னு ஒரு சின்னப் பொண்ணு வருது, கைக்குழந்தைக்காரி, புத்துநோய், எழுதப் படிக்கத் தெரியாது. குழந்தைக்குத் தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதணும்னு எழுத்துக் கத்துக்குது. வேற யாரையாவது எழுதச் சொல்லலாம், பேசி ரெக்கார்ட் பண்ணலாம், அதுக்கு அது போதாது. நேரம் கம்மி, எழுத்து ஒண்ணொண்ணா தான் வரும். நான் டீச்சரா இருந்தவ, பென்சிலை அழுத்திப் புடிச்சு முதல் எழுத்து எழுதற கையை எத்தனையோ பாத்துருக்கேன், அந்தப் பக்கங்கள்ல எனக்குக் கண்ணு தளும்பிடுச்சு. புக் பூரா அந்தப் பொண்ணு மட்டுமே இருந்திருந்தா நான் இன்னைக்கு வேற பேச்சு பேசிட்டு இருப்பேன்.

சமீபத்துல யாரையாவது இழந்தவங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா முதல் புக்கை எடுங்க, இங்கிலீஷ் ரொம்ப எளிமை, ப்ளஸ் டூ படிக்கற புள்ளைங்களே படிச்சுடும். ஒரே மூச்சுல படிக்காம ஹோலி மாதிரியே மாசத்துக்கு ஒரு கவர்னு கூட போகலாம், சிரிப்பும் நிறைய இருக்கு, பயப்படாதீங்க. டிசம்பர் முடிஞ்சதும் மூடி வெச்சுடுங்க. ரெண்டாவது கையில கெடைச்சா ஜினிகா வர்ற பக்கங்களை மட்டும் தேடிப் படிங்க. நன்றி, வணக்கம்.