எண்ணிப் பார்த்த மருத்துவர்

அவையோருக்கு வணக்கம்.

குடல் அழற்சி நோய் என்றதும் குரோன் என்ற பெயர்தான் எல்லோர் வாயிலும் வரும். நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் மூன்று பேர் சேர்ந்து 1932இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆங்கில எழுத்து வரிசையில் பெயர்களை அச்சிட்டபோது குரோன் முதலில் வந்தார். நோய்க்கும் அவர் பெயரே ஒட்டிக்கொண்டது. மற்ற இருவரான கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் பெயர்களை இன்று யாருக்குத் தெரியும்? அது கிடக்கட்டும். நான் பேச வந்தது எந்த நோய்க்கும் தன் பெயர் வாய்க்காத ஒருவரைப் பற்றி. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த மருத்துவர் சிட்னி ட்ரூலவ்.

அவர் எடுத்துக்கொண்டது குடல் அழற்சி நோய்களில் இன்னொன்றான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உட்சுவர் சிவந்து, புண்ணாகி, ரத்தம் கசியும் நோய். அடங்கும், மறுபடி கிளம்பும். அந்தக் காலத்தில் கடுமையான தாக்குதலில் சிக்கியவர்கள் பலர் பிழைக்கவில்லை.

இந்த நோயில் ஒரு வம்பு உண்டு: தானாகவே அடங்கும். அந்த நேரத்தில் எதைக் கொடுத்திருந்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும். பத்திய உணவு, ஓய்வு, ரத்தம் ஏற்றுதல் என்று ஒவ்வொருவரும் தம் வைத்தியமே பலித்தது என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் பொய் சொல்லவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அப்போது கார்டிசோன் வந்தது, அழற்சியைத் தணிக்கும் ஒரு ஸ்டீராய்டு மருந்து. மூட்டுவாத நோயாளிகளை அது எழுந்து நடக்க வைத்த ஆராய்ச்சிக்கு 1950இல் நோபல் பரிசே கிடைத்திருந்தது. குடலுக்கும் கொடுத்துப் பார்க்கலாமே என்ற ஆசை எல்லோருக்கும் இருந்தது. ட்ரூலவும் பேராசிரியர் லெஸ்லி விட்ஸும் அவசரப்படவில்லை. பல மருத்துவமனைகளிலிருந்து 210 நோயாளிகளைச் சேர்த்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கார்டிசோன், இன்னொரு பிரிவுக்கு அதே தோற்றத்தில் வெற்று மாத்திரை. ஆறு வாரம் கழித்துக் கார்டிசோன் பிரிவில் நூற்றுக்கு 41 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. மற்ற பிரிவில் 16 பேருக்கு. 1955இல் முடிவு வெளிவந்தது.

என்னைக் கேட்டால் அந்த 41ஐவிட 16தான் முக்கியம். கார்டிசோன் கொடுக்காமலே அத்தனை பேர் தேறினார்கள்! அதற்கு முன் எத்தனை மருந்துகள் அந்தப் பதினாறின் புகழைத் திருடியிருக்கும்?

நோயின் கடுமையை அளக்கவும் அந்த 1955 கட்டுரையே வழி சொன்னது. நாளைக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு மலம் போகிறதா? நாடித்துடிப்பு 90ஐத் தாண்டுகிறதா? காய்ச்சல் உண்டா? ரத்தசோகை உண்டா? அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனையான ஈ.எஸ்.ஆர். 30க்கு மேலா? இவ்வளவுதான். மணிக்கட்டில் விரல் வைக்கத் தெரிந்தவர் பாதி வேலையை முடித்துவிடலாம். இன்றும் அவசரப் பிரிவில் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்.

தன் மருந்துக்கே அவர் சலுகை காட்டவில்லை. நோய் திரும்பாமல் இருக்கக் கார்டிசோனைத் தொடர்ந்து கொடுத்தால் பலன் உண்டா என்று சோதித்தார். இல்லை என்று வந்தது. 1959இல் அதையும் அச்சேற்றினார்கள்.

இன்னொரு கதை. ஸ்வீடனின் நன்னா ஸ்வார்ட்ஸ் மூட்டுவாதத்துக்காக ஆஸ்பிரின் குடும்பத்துச் சலிசிலேட் வகை மருந்தொன்றையும் கிருமிகளுக்கு எதிரான சல்ஃபா மருந்தொன்றையும் பிணைத்துச் சல்ஃபாசலசினை உருவாக்கினார். அது பெருங்குடலுக்கு நன்றாக வேலை செய்தது. இரண்டில் எந்தப் பாதி வேலை செய்கிறது? பல ஆண்டுகள் யாருக்கும் தெரியாது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அந்தப் பிணைப்பை அறுக்கின்றன என்பது தெரிந்த பிறகு, அசாத் கானும் ட்ரூலவும் இரண்டு பாதிகளையும் முழு மருந்தையும் தனித்தனியே எனிமாவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1977இல் விடை கிடைத்தது: குணம் தருவது சலிசிலேட் பாதி. சல்ஃபா பாதி பெரும்பாலும் அதைச் சுமந்துவரும் சுமைதூக்கிதான், பக்கவிளைவுகளில் பெரும்பங்கு அதனுடையது. இன்று மெசலமைன் என்ற பெயரில் நோயாளிகள் வாங்குவது அந்த நல்ல பாதியைத்தான்.

ஆக்ஸ்ஃபோர்டில் எண்ணிப் பார்க்கும் அந்தப் பழக்கம் ட்ரூலவோடு போய்விடவில்லை. 1996இல் அங்கிருந்து வந்த ஒரு கணக்கு இது: கடுமையான தாக்குதலுக்கு ஸ்டீராய்டு ஏற்றிய மூன்றாம் நாளில், எட்டு முறைக்கு மேல் மலம் போனாலோ, மூன்று முதல் எட்டு முறை போய், அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்தச் சோதனையான சி.ஆர்.பி. 45ஐத் தாண்டினாலோ, நூற்றுக்கு 85 பேருக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. அதனால்தான் மூன்றாம் நாள் காலை இத்தகைய நோயாளி இருக்கும் வார்டில் அறுவை சிகிச்சை நிபுணரும் வந்து கட்டில் அருகே நிற்கிறார். அவர் கையில் நோயாளியின் மலக்கணக்குத் தாள்.