வாங்கிக்கொள்ளவும் தெரிய வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் ‘மாற்றுப் பொருளாதாரம்’ என்று போட்டிருக்கிறார்கள். அந்தப் பெரிய சொல்லுக்கு ஒரு மருத்துவமனைக் கட்டில் வழியாகப் போய்ச் சேரலாம் என்று நினைக்கிறேன். நான் பேச வந்தது, பணத்துக்குப் பதில் உழைத்த நேரத்தையே கொடுத்து வாங்குகிற ‘நேர வங்கி’ பற்றி.

1980ஆம் ஆண்டு. எட்கர் கான் என்ற அமெரிக்க வழக்கறிஞருக்குக் கடுமையான மாரடைப்பு வந்தது. ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி கிடைக்க வேண்டும் என்று அவரும் அவர் மனைவி ஜீனும் அந்த நாட்டில் பாடுபட்டு வழி திறந்தவர்கள். அப்படி ஓடியாடிய மனிதர் படுத்துவிட்டார். எல்லாரும் அவருக்குச் செய்தார்கள். அவரால் யாருக்கும் எதுவும் செய்ய முடியவில்லை. இனி நான் யாருக்கும் உதவாதவன் என்ற எண்ணம் அவரை வாட்டியது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது: வேலை பறிபோனவர், வயதானவர், நோயாளி என்று ஊரே இப்படித்தானே பலரை ஓரங்கட்டி வைத்திருக்கிறது? அவர்களிடம் நேரம் இருக்கிறது. செய்ய வேண்டிய வேலையும் ஊரில் குவிந்து கிடக்கிறது. நடுவில் பணம் இல்லை என்பதற்காக இரண்டும் சந்திக்காமலே போகின்றன. அப்படியானால் நேரத்தையே நாணயமாக்கினால் என்ன என்று கேட்டார். ‘டைம் டாலர்’ அங்கிருந்து பிறந்தது.

அவருக்கு முன்பே, 1973இல், ஜப்பானின் ஒசாகா நகரில் தெருகோ மிசுஷிமா என்ற பெண்மணி இதைச் செய்து காட்டிவிட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். போர்க்காலத்தில் தையல் வேலை செய்து கொடுத்து, பதிலுக்குக் காய்கறி வாங்கிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர் அவர். குழந்தை சிறியதாக இருக்கும்போது ஒரு பெண்ணுக்கு மூச்சுவிட நேரமில்லை. பிள்ளைகள் வளர்ந்தபின் நேரம் இருக்கிறது. முதுமையில் மறுபடியும் கை தேவைப்படுகிறது. நடுவயதில் சேர்த்த மணிகளை முதுமையில் எடுத்துக்கொள்ள ஒரு வங்கி இருந்தால் என்ன என்பது அவர் கணக்கு. இந்த வரலாற்றைப் பேசும்போது அவர் பெயர் விட்டுப்போவது எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது.

முறை மிக எளிது. நான் உங்களுக்கு ஒரு மணி நேரம் வேலை செய்தால் என் கணக்கில் ஒரு மணி வரவு, உங்கள் கணக்கில் ஒரு மணி பற்று. அதை நீங்கள் எனக்கே திருப்ப வேண்டியதில்லை. வேறு யாருக்குச் செய்தாலும் அடைந்துவிடும். யாருடைய மணியும் உசத்தி இல்லை, யாருடையதும் தாழ்த்தி இல்லை.

உடனே ஒரு கேள்வி வரும். அறுவைச் சிகிச்சை செய்கிற டாக்டரின் ஒரு மணியும் ஜன்னல் துடைப்பவரின் ஒரு மணியும் ஒன்றா? அறுவைச் சிகிச்சையை நேர வங்கியில் வாங்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. சந்தை விலையே போடாத வேலைகள் இருக்கின்றனவே, அவற்றுக்குத்தான் இது. மருத்துவமனைக்குத் துணைக்குப் போவது, கண் மங்கியவருக்குக் கடிதம் படித்துக் காட்டுவது, ஒரு மாலை குழந்தையைப் பார்த்துக்கொள்வது. இவற்றில் டாக்டருக்கும் துடைப்பவருக்கும் என்ன ஏற்றத்தாழ்வு? 1999இல் லண்டனின் லூயிஷாம் பகுதியில் ஒரு மருத்துவ நிலையத்திலேயே நேர வங்கி தொடங்கினார்கள். வருகிற நோயாளிகளில் பலருக்கு மாத்திரையைவிட மனித முகம் தேவைப்படுகிறது என்று மருத்துவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நேர வங்கி என்றால் ‘எல்லாரும் வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார்களே’ என்றுதான் பயப்படுகிறோம். நான் பார்த்தவரை தொல்லை நேர் எதிர்ப்பக்கம் இருக்கிறது. கொடுக்க எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை.

ஒரு நேர வங்கியின் கணக்கேட்டைப் புரட்டியபோது ஓர் அம்மாவின் பக்கம் கண்ணில் பட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியை. வரவு 62 மணி. பற்றுப் பத்தியில் ஒரு கோடுகூட இல்லை. அவர் வீட்டு மாடிப்படியில் விளக்கு எரியாமல் மூன்று வாரமாக டார்ச் அடித்துக்கொண்டு ஏறி இறங்குகிறார் என்று பேச்சுவாக்கில் தெரியவந்தது. ஏன் கேட்கவில்லை என்றால், ‘யாரையும் தொந்தரவு செய்து எனக்குப் பழக்கமில்லை.’ ஒருங்கிணைப்பாளர் அவரிடம் உதவியைப் பற்றிப் பேசவே இல்லை. கணக்கைக் காட்டினார். ‘அம்மா, ஒரு பையன் ஐந்து மணி கடனில் நிற்கிறான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை என்றால் அவன் எப்படி அடைப்பான்?’ அம்மா கொஞ்ச நேரம் அந்த ஏட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்தார். பல்பு மாட்டப் பத்து நிமிடம்தான். மிச்ச ஐம்பது நிமிடமும் பையன் அங்கேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தானாம்.

நம் மொழியில் ‘நன்றிக்கடன்’ என்று ஒரு சொல் இருக்கிறது. எவ்வளவு கனமான சொல்! அதற்கு அளவு கிடையாது, தவணை கிடையாது, அடைத்துவிட்டேன் என்று நிமிர்ந்து நிற்கவும் முடியாது. அந்தக் கனத்துக்குப் பயந்துதான் பலர் கேட்பதே இல்லை. நேர வங்கி அந்தக் கடனை வெறும் ‘ஒரு மணி’ ஆக்கிவிடுகிறது. வாங்கியவர் தலை குனிய வேண்டியதில்லை. எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்ததே இதுதான்.

யாருக்குத் தேவை என்று கேட்காமல் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 1832இல் ராபர்ட் ஓவன் லண்டனில் ஓர் உழைப்புப் பரிவர்த்தனை நிலையம் திறந்தார். செய்த பொருளைக் கொண்டுவந்தால், அதற்கான உழைப்பு நேரத்தைக் குறித்து நோட்டுக் கொடுப்பார்கள். அந்த நோட்டுக்கு அங்கே வேறு பொருள் எடுக்கலாம். நல்ல பொருள் உடனே போய்விட்டது; யாரும் கேட்காத பொருள் தேங்கி நின்றது. 1834இல் மூடிவிட்டார்கள்.

பத்தே ஆண்டில் பாடம் படித்தவர்கள் வந்தார்கள். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், ஓவனின் கருத்துகளில் ஊறிய சிலரும் நெசவாளர்களுமாக 28 பேர், 28 பவுண்டு பணம் முதல் போட்டு 1844 டிசம்பர் 21 அன்று ஒரு சின்னக் கடையைத் திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சரக்குதான். கலப்படம் மலிந்திருந்த காலம் அது. இவர்கள் கலப்படமில்லாமல், சரியான எடையில் விற்றார்கள். எவ்வளவு பங்கு இருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. லாபத்தை எப்படிப் பிரித்தார்கள் என்று பாருங்கள்: முதலுக்கு ஒரு குறைந்த வட்டி போக, யார் எவ்வளவு சரக்கு வாங்கினாரோ அந்த அளவுக்குப் பங்கு. வாங்குகிறவரே கடைக்கு உடையவர். கூட்டுறவு இயக்கம் உலகமெங்கும் இந்த விதிகளின் மேல்தான் எழுந்தது. ஸ்பெயினின் மோந்த்ராகோனில் 1956இல் தொடங்கிய தொழிலாளர் கூட்டுறவுகளும் அந்த வழி வந்தவை. 2013இல் அவற்றில் ஒரு பெரிய நிறுவனம், ஃபாகோர், திவாலானபோது, வேலை இழந்தவர்களில் பலரை மற்ற கூட்டுறவுகள் இழுத்துக்கொண்டன. அதே பேரிடி வேறு இடத்தில் விழுந்திருந்தால் அத்தனை பேரும் தெருவில்தான்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. மணிகளைப் பொருத்திப் பார்த்து, போன் செய்து, கூச்சப்படுகிறவரைப் பேசவைக்கிற ஒருங்கிணைப்பாளருக்குச் சம்பளம் பணமாகத்தான் வேண்டும். மானியம் நின்றால் வங்கியும் நின்றுவிடுகிற கதை ஒன்றிரண்டு அல்ல. இன்று சேர்த்த மணியை இருபது ஆண்டு கழித்து யார் மதிப்பார்கள் என்பதும் நியாயமான கவலை. சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலன் நகரில் ஓய்வுபெற்றவர்கள் முதியோருக்குச் செய்கிற மணிகளுக்கு நகர நிர்வாகமே உத்தரவாதம் தருகிறது. இந்தத் துணிவை மற்ற நகரங்களிடமும் நாம் கேட்க வேண்டும். ஆனால் ‘அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொள்வார்கள்’ என்று சொல்லி ஓர் அரசு முதியோர் பராமரிப்பிலிருந்து கைகழுவப் பார்த்தால், அதை முதலில் எதிர்க்க வேண்டியவர்களும் நேர வங்கிக்காரர்கள்தான்.

வெளியே போகும்போது வாசலில் ஒரு தாள் கொடுப்பார்கள். அதில் இரண்டு பத்தி. இடப்பக்கம் ‘என்னால் முடிந்தது’, வலப்பக்கம் ‘எனக்கு வேண்டியது’. இடப்பக்கத்தை இரண்டு நிமிடத்தில் நிரப்பிவிடுவீர்கள். வலப்பக்கத்தில் பேனா நின்றுவிடும். அவசரப்படாதீர்கள், நாற்காலிகள் போட்டிருக்கிறது, உட்கார்ந்து யோசியுங்கள். வலப்பக்கம் காலியாக இருக்கிற தாளை வாங்க வேண்டாம் என்று வாசலில் இருக்கும் தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.