எகனாமிக்ஸா, சோசியாலஜியா? பென்னாகரத்துல இருந்து ஒரு கேள்வி

அடுத்த கேள்வி பென்னாகரத்துத் தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு. "சார், நான் எகனாமிக்ஸ்ல பிஎச்டி பண்றேன். ஃப்ளோரைடு தண்ணியால எங்க பக்கத்துக் குடும்பங்களோட வருமானம் எப்படி அடிபடுதுங்கறதுதான் தலைப்பு. இது பாதி மருத்துவம், பாதி சோசியாலஜி, பல துறைய ஒண்ணா சேர்த்துப் பண்ற இன்டர்டிசிப்ளினரிங்கறதே இப்ப வந்த ஃபேஷன்னு சொல்றாங்க. அப்படியா?"

இல்ல தம்பி. துறை துறையா பிரிஞ்சதுக்கே ரொம்ப வயசாகல. அமெரிக்காவுல பொருளாதாரக்காரங்க சங்கம் 1885, அரசியல் அறிவியல் 1903, சமூகவியல் 1905. அப்புறம் இருபது வருஷம்கூட ஆகல, 1923ல இவங்களையெல்லாம் சேர்த்து உட்கார வைக்க சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுன்னு ஒண்ணு வந்துடுச்சு. முன்னாடி நின்னவர் சிகாகோ பல்கலைக்கழகத்து அரசியல் அறிவியல் பேராசிரியர் சார்லஸ் மெரியம். பணம் பெரும்பாலும் எண்ணெய்க் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரோட அறக்கட்டளைப் பணம். பணம் எங்கேருந்து வந்துச்சுன்னு பார்க்காம இந்த வரலாறு புரியாது, அத மறந்துடாதீங்க.

ஹார்வர்டுல 1946ல இன்னும் ஒரு படி மேல போனாங்க. டால்காட் பார்சன்ஸ்ங்கற சமூகவியல்காரர் தலைமையில, சமூகவியலோட மானிடவியல்லயும் உளவியல்லயும் ஒரு பகுதியச் சேர்த்து ஒரே டிபார்ட்மென்ட் ஆக்குனாங்க. ஒரே வீட்டுல குடி வச்சா கூட்டுக்குடும்பம் ஆயிடுமா? 1970ல சமூகவியல் தனியா போயிடுச்சு, 1972ல கடையக் கட்டிட்டாங்க.

நம்ம ஊர்க் கதைதான் எனக்குப் பிடிச்சது. 1915ல சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியரா வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். கேள்வித்தாளக் குடுத்து, பசங்கள அவங்கவங்க ஊருக்கே அனுப்புனாரு. நிலம், கடன், கூலி, சாதின்னு எல்லாம் ஒண்ணா வந்துச்சு. 1918ல புத்தகம். அதுல இருக்கற விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டுக்கு 1930கள்ல திரும்பப் போனாங்க, 1980கள்ல போனாங்க, 2008லயும் போனாங்க. ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆளுங்க, அதுல பொருளாதாரக்காரங்க மட்டும் இல்ல. ஹார்வர்டுல டிபார்ட்மென்ட் நிக்கல, இங்க ஊர் நின்னுச்சு. கேள்வி ஒண்ணா இருந்தாத்தான் ஆளுங்க சேருவாங்கன்னு நான் நினைக்கறேன்.

உங்க கேள்வி அப்படிப்பட்டதுதான். போர் தண்ணி குடிச்சுப் பல்லுல கறை, அப்புறம் மூட்டு வலி, அப்புறம் வேலைக்குப் போக முடியல, அப்புறம் கடன். இதுல எந்த இடத்துல மருத்துவம் முடிஞ்சு எகனாமிக்ஸ் ஆரம்பிக்குது, சொல்லச் சொல்லுங்க பார்ப்போம். தர்மபுரி, கிருஷ்ணகிரின்னு நம்ம ரெண்டு மாவட்டத்துக்கும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்திருக்கறதால, காவிரித் தண்ணி வர்ற ஊரு, வராத ஊருன்னு ஒப்பிட்டும் பார்க்கலாம்.

பதிவு எகனாமிக்ஸ்லயே இருக்கட்டும். வேற துறையில ஒரு கோ-கைடு, அதாவது இணை வழிகாட்டி, வச்சுக்க யுஜிசி விதியில இடம் இருக்கு, எழுதிக் குடுத்துக் கேளுங்க. சமூக மருத்துவம் நடத்தறவங்களா இருந்தா நல்லது.