கால் மெசினா, கரண்ட் மெசினா?

வணக்கம் நேயர்களே. ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்து வந்திருக்கிறேன். காமன், ரதி கதையை ஆடும் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்துக்கு உடுப்புத் தைப்பது இருபது வருசமாக என் வேலை. மாசி நெருங்கினால் லயத்து (தோட்டக் குடியிருப்பு) பெண்பிள்ளைகள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். "அக்கா, நானும் தைக்கப் பழகணும். பழைய மெசின் வாங்கவா, புதுசு வாங்கவா?" என்று கேட்பார்கள். அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

ஒரே ஒரு மெசின்தான் வாங்க முடியும், தைக்கப் போவதும் கூத்து உடுப்பு என்றால், நல்ல நிலையில் உள்ள பழைய இரும்புக் கால் மெசினை வாங்குங்கள். இதை நான் தயங்காமல் சொல்வேன்.

ரதியின் உடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே வெல்வெட், உள்ளே லைனிங், ஓரத்தில் ஜரிகைப் பட்டி. மடித்து அடிக்கும் இடத்தில் ஆறு மடிப்பு சேர்ந்துவிடும். கால் மெசினில் அந்த இடம் வந்ததும் மிதிப்பதை நிறுத்திவிட்டு, மெசினின் பக்கத்தில் இருக்கும் சில்லைக் கையால் திருப்பி ஒவ்வொரு தையலாக இறக்கலாம். விலை குறைந்த புது கரண்ட் மெசின்களில் மெதுவாக ஓட்டும்போது மோட்டாருக்கு வலு போதாது. கால் மிதியை இன்னும் அழுத்தினால் திடீரென்று பாயும், ஊசி முறியும். சமிக்கி வைத்த துணியில் இது இன்னும் மோசம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்கள் பக்கம் ரதி வேசம் கட்டுவது ஆண்பிள்ளைதான். இந்த வருசம் கட்டுகிறவன் ஒல்லி, அடுத்த வருசம் வருகிறவன் தோள் அகன்றவன். உடுப்பு மட்டும் அதே உடுப்பு. அதனால் உள்ளே இரண்டு அங்குலம் துணி விட்டு, நீளத் தையலாக நேரே அடித்துவைப்பேன். பிரிக்க வேண்டிய நாளில் ஒரு நூலை இழுத்தால் வந்துவிடும். நெளிதையல் (ஜிக்ஜாக்) போட்ட வெல்வெட்டைப் பிரித்துப் பாருங்கள், துணியின் முகமே போய்விடும். பழைய கால் மெசின் நேர்த்தையல் மட்டும் போடும் என்பது கூத்து உடுப்புக்குக் குறையே இல்லை.

அப்புறம் கரண்ட். 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நான் ஆசைப்பட்டு வாங்கிய கரண்ட் மெசின் அந்த மாதம் மூலையில் சும்மா கிடந்தது. அம்மாவின் கால் மெசினில், குப்பி விளக்கு வெளிச்சத்தில் உடுப்பை முடித்தேன்.

புதுசுக்கும் உரிய இடம் உண்டு. பள்ளிக்கூட நடனத்துக்கு இழுபடும் துணியில் தைப்பவர்களுக்கு நெளிதையல் இல்லாமல் சரிவராது. உடம்பு வளையும்போது நேர்த்தையல் அறுந்துவிடும். இலாஸ்டிக் பிடிக்கவும் பொத்தான் துளை போடவும் புதுசுதான் லேசு. அந்த வேலைதான் அதிகம் என்றால் அதையே எடுங்கள். ஜப்பானில் பாவித்து இறக்கிய மெசின் என்றால் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படியுங்கள். அங்கே 100 வோல்ட், நம் வீட்டில் 230. இடையில் டிரான்ஸ்போமர் இல்லாமல் செருகினால் மோட்டார் கருகிவிடும்.

பழசை எங்கே தேடுவது? சிங்கர் கம்பெனி இலங்கையில் 1877 முதல் இருக்கிறது. பாட்டி காலத்து மெசின் ஏதாவது ஒரு காம்பராவில் (லயத்து அறையில்) சாக்குப் போர்த்திக் கிடக்கும். "சில்லு சுத்தாது, இறுகிப் போச்சு" என்பார்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் தேங்காயெண்ணெய்தான். வீட்டில் இருப்பதை ஊற்றிவிடுகிறோம். தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும். நம் மலையில், அதிலும் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில், இரவுக் குளிருக்கு அது மெழுகாகிவிடும். வருசக் கணக்கில் கிடந்தால் பிசினாகப் பிடித்துக்கொள்ளும். மெசின் கெட்டுப்போகவில்லை. எண்ணெய் விடும் துளைகளிலும் மூட்டுகளிலும் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள், அடுப்புக்குத் தூரமாக. காலையில் சில்லை முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். இளகியதும் கறுப்பாக வடிவதைத் துடைத்துவிட்டு, மெசின் எண்ணெய் மட்டும் விடுங்கள். மழைக் காலத்தில் தோல் வார் தொய்ந்து சில்லு வழுக்கும். வாரைக் கொஞ்சம் வெட்டி, முனைகளை இணைக்கும் கம்பியை மறுபடி மாட்டினால் போதும்.

"தையல் விழுவதில்லை" என்று விலையைக் குறைத்துச் சொன்னால் முதலில் ஊசியைப் பாருங்கள். புது மெசினில் ஊசியின் தட்டைப் பக்கம் பின்னால் இருக்கும். பழைய மெசின் பலவற்றில் பக்கவாட்டில் இருக்க வேண்டும். பழக்கத்தில் மாற்றிப் போட்டுவிட்டு மெசினைக் குறை சொல்கிறார்கள். ஆனால் அடிநூல் உருளையை வைக்கும் கூடான பொபின் கேஸ் தொலைந்திருந்தால், பொருந்துவது கிடைக்கும்வரை காசு கொடுக்காதீர்கள்.

பார்க்கப் போகும்போது 16ஆம் நம்பர் புது ஊசி ஒன்றும், நீங்கள் தைக்கப் போகும் வெல்வெட்டில் ஒரு துண்டும் கையோடு கொண்டுபோங்கள். துண்டை நான்காக மடித்து ஒரு சாண் நீளத்துக்கு அடித்துப் பாருங்கள். பிறகு துணியைத் திருப்பி, அடிநூல் மேல்நூலைப் போலவே சீராக விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். விழுந்திருந்தால் விலை பேசலாம்.

நன்றி, வணக்கம்.