சின்ன கார், லைட் ட்ரெய்லர்: எவ்வளவு ஏத்தலாம், எங்கே ஏத்தணும்?

[காட்சி: கட்டுமானப் பொருள் கடை வாசல், இங்கிலாந்து. ஒரு சின்ன ஹேட்ச்பேக் கார். பின்னால் ஒற்றை ஆக்ஸில் (சக்கர அச்சு) ட்ரெய்லர், விளிம்பு வரை ஈர மண். காரின் பின்பக்கம் அமுங்கி, மூக்கு தூக்கி நிற்கிறது.]

குரல்:

இந்த வண்டியோட பின்பக்கத்தைக் கவனிங்க. எப்படி அமுங்கியிருக்கு பாருங்க. இது நகருமான்னு கேட்டா, தாராளமா நகரும். ஒரு லிட்டர் எஞ்சின்கூட முக்கி முனகி இழுத்துட்டுப் போயிடும். ஆனா குறுக்கே ஒருத்தர் ஓடி வந்தா இது நிக்குமா? மோட்டார்வேல பெரிய லாரி ஒண்ணு பக்கத்துல கடந்து போனா நேரா ஓடுமா? ட்ரெய்லர் வாங்கறதுக்கோ, வாடகைக்கு எடுக்கறதுக்கோ முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி இந்த ரெண்டும்தான். ரெண்டுக்கும் பதில் பாரத்துலதான் இருக்கு: எவ்வளவு ஏத்தறோம், எந்த இடத்துல ஏத்தறோம்.

லைசென்ஸ் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். பிரிட்டன்ல 1997 ஜனவரி 1-லேர்ந்து கார் டெஸ்ட் பாஸ் பண்ணவங்க, பெரிய ட்ரெய்லர் இழுக்கணும்னா இன்னொரு டெஸ்ட் கொடுக்க வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16-ஓட அது போயிடுச்சு. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூணுலயும் சாதாரண கார் லைசென்ஸ் இருந்தாலே 3,500 கிலோ வரைக்கும் ட்ரெய்லர் இழுக்கலாம். நாம பேசற 750 கிலோவுக்கு உட்பட்ட லைட் ட்ரெய்லருக்கு முன்னாடியும் அந்த டெஸ்ட் தேவைப்படலை. உங்க லைசென்ஸ் விடும். உங்க கார் விடுமா? அங்கேதான் நிறைய பேர் பார்க்காம கடையில போய் நிக்கறாங்க.

[காட்சி: கார் கதவைத் திறந்ததும் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தகடு. கேமரா நெருங்குகிறது. ஒன்றன் கீழ் ஒன்றாக நாலு எண்கள்.]

கதவுச் சட்டத்துலயோ பானெட்டுக்குக் கீழேயோ இந்தத் தகடு இருக்கும். முதல் எண், கார் ஆளும் சாமானுமா இருக்கக்கூடிய அதிகபட்ச எடை. ரெண்டாவது, காரும் ட்ரெய்லரும் சேர்ந்து இருக்கக்கூடிய அதிகபட்ச எடை. கடைசி ரெண்டும் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும். உதாரணமா முதல் எண் 1,580, ரெண்டாவது 2,380-னு வெச்சுக்குவோம். கழிச்சா 800 கிலோ. அப்போ 800 கிலோ இழுக்கலாமா? அவசரப்படாதீங்க. நம்ம ட்ரெய்லர்ல பிரேக் கிடையாது. அதுக்குத் தனி வரம்பு இருக்கு. சில சின்ன கார்கள்ல, முக்கியமா சில ஹைபிரிட், எலக்ட்ரிக் மாடல்கள்ல, அந்த ரெண்டாவது எண்ணே இருக்காது, இல்லேன்னா பூஜ்யம்னு இருக்கும். அப்படி இருந்தா அந்தக் கார்ல ட்ரெய்லர் இழுக்கற பேச்சே வேண்டாம். சும்மா சைக்கிள் மாட்டறதுக்குன்னு டோ பார், அதாவது காருக்குப் பின்னால நீட்டிக்கிட்டு இருக்கற இழுவைக் கம்பி, போட்டிருக்கலாம். அதுல ட்ரெய்லரை மாட்டக்கூடாது.

பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு சட்டம் சொல்றது இது: காரோட கர்ப் வெயிட்ல பாதி, அல்லது 750 கிலோ, ரெண்டுல எது குறைவோ அது. கர்ப் வெயிட்னா ஆள், சாமான் எதுவும் இல்லாம, டேங்க் நிறைய எரிபொருளோட காரோட எடை. நம்ம உதாரணக் கார் 1,100 கிலோ. பாதி 550. காரோட கையேட்டுல, பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு இன்னும் குறைவா ஒரு எண் போட்டிருந்தா அதுதான் கணக்கு. ஏன் பாதி? ட்ரெய்லரோட வேகத்தையும் சேர்த்து அடக்க வேண்டியது காரோட நாலு சக்கரம் மட்டும்தான். பின்னால வர்ற 550 கிலோ, நீங்க பிரேக் மிதிக்கிறப்போ உங்களைத் தள்ளிக்கிட்டே இருக்கும்.

[காட்சி: காலியான ட்ரெய்லர். உள்ளே அளவு நாடா. திரையில் கணக்கு.]

இனி மண்ணுக்கு வருவோம். இந்த ட்ரெய்லர் உள்ளே 1.8 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் உயரம். காலியா 150 கிலோ. 550-ல இதைக் கழிச்சா நாம ஏத்தக்கூடியது 400 கிலோ. விளிம்பு வரைக்கும் தோட்டத்து மண்ணை நிரப்பினா என்ன ஆகும்? ஒரு கன மீட்டர் மண் சுமார் 1,200 கிலோவுக்குக் குறையாது, ஈரமா இருந்தா இன்னும் ஏறும். அந்தக் கணக்குல இது ஒரு டன்னுக்கு மேல போயிடும். 400 கிலோ மண்ணை உள்ளே கொட்டிப் பரப்பினா ஒரு சாண் உயரம்கூட வராது. ட்ரெய்லர் பாதிக்கு மேல காலியா இருக்கறாப்ல தெரியும். அதைப் பார்த்துட்டு "இன்னும் ரெண்டு வாளி போடலாமே"ன்னு தோணும். போடாதீங்க. நடைபாதைக் கல் இன்னும் மோசம். 60-க்கு 60, 5 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் கல் ஒண்ணு 40 கிலோ. பத்துக் கல்லோட உங்க கணக்கு முடிஞ்சுது. மூட்டையா வாங்கினா 25 கிலோ மூட்டை பதினாறு. மெத்தை, அலமாரி, செடி வெட்டின குப்பைன்னா எடையைப் பத்தி அவ்வளவு கவலை வேண்டாம். அதுக்குக் காத்துதான் எதிரி, மேலே வலை போட்டு இறுக்கிக் கட்டுங்க.

மண் வேலையெல்லாம் ரெண்டு மூணு நடையா அடிக்கிறதுதான் சரி. இதுல நான் சமாதானம் சொல்ல மாட்டேன். பெட்ரோல் கொஞ்சம் கூடப் போகும், போகட்டும்.

[காட்சி: வரைபடம். பக்கவாட்டில் ஒற்றை ஆக்ஸில் ட்ரெய்லர். பாரம் முன்னும் பின்னும் நகர்கிறது.]

இப்போ பாரம் எங்கே இருக்கணுங்கறது. மாட்டு வண்டி ஓட்டறவங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம். ரெண்டு சக்கரத்துக்கு முன்னால சுமை அதிகமானா முன்பாரம், நுகத்தடி மாட்டோட கழுத்தை அழுத்தும். பின்னால அதிகமானா பின்பாரம், நுகத்தடி மேலே தூக்கும். நல்ல வண்டிக்காரர் கொஞ்சமா முன்பாரம் இருக்கற மாதிரி ஏத்துவார். ட்ரெய்லரும் அதே ரெண்டு சக்கர வண்டிதான். மாட்டுக்குப் பதிலா கார், நுகத்தடிக்குப் பதிலா டோ பால், அதாவது டோ பார் நுனியில இருக்கற இரும்புக் குண்டு.

பின்பாரமா ஏத்தினா கப்ளிங், அதாவது டோ பால் மேல உட்கார்ற ட்ரெய்லரோட முன் பிடி, மேல் நோக்கி இழுக்கும். காரோட பின் சக்கரத்துல எடை குறையும். அதைவிட ஆபத்து, ட்ரெய்லர் ஆட ஆரம்பிச்சா அந்த ஆட்டம் அடங்காது. ஒரு காத்து, ஒரு லாரி, ஒரு பள்ளம், ஏதோ ஒண்ணு ட்ரெய்லரை லேசாப் பக்கவாட்டுல தள்ளுது. முன்பாரம் சரியா இருந்தா ஒண்ணு ரெண்டு ஆட்டத்துல நேராயிடும். பின்பாரமா இருந்தா ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதைவிடப் பெரிசாகும். மணிக்கு 40 மைல்ல ஒழுங்கா வர்ற ட்ரெய்லர் 55 மைல்ல பாம்பு மாதிரி நெளியறது இதனாலதான். வேகம் கூடக் கூட ஆட்டத்தை அடக்கற சக்தி குறைஞ்சுட்டே போகுது.

அதுக்காக எல்லாத்தையும் முன்னாடி அடுக்கினா அதுவும் தப்பு. காரோட பின்பக்கம் அமுங்கும், முன் சக்கரம் லேசாகும். சின்ன கார்கள் பெரும்பாலும் முன் சக்கரத்துலதான் ஓடுது, திரும்பறதும் முன் சக்கரத்துலதான். மழை பெய்ஞ்ச மேட்டுல வண்டி எடுக்கறப்போ சக்கரம் வழுக்கி நிக்கும்.

அப்போ எவ்வளவு முன்பாரம்? ட்ரெய்லரோட மொத்த எடையில 5-லேர்ந்து 7 சதவீதம்னு வழக்கமாச் சொல்வாங்க. 550 கிலோவுக்கு அது 27-லேர்ந்து 38 கிலோ. காரோட கையேட்டுலயும் டோ பார் தகட்டுலயும் கப்ளிங் மேலயும் டோ பால் தாங்கக்கூடிய எடை எழுதியிருக்கும். மூணுலயும் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது.

[காட்சி: சமதரை. ட்ரெய்லர் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை. கப்ளிங்குக்குக் கீழே குளியலறை எடை மெஷின், அதன் மேல் செங்குத்தாக ஒரு மரத்துண்டு.]

இதை அளக்கறதுக்கு நீங்க எடை பார்க்கற மெஷினே போதும். சமதரையில ட்ரெய்லரை நிறுத்தி சக்கரத்துக்குக் கட்டை வைங்க. ஒரு மரத்துண்டை டோ பால் உயரத்துக்கு அறுத்துக்கோங்க. மெஷின் மேல அந்த மரம், மரத்து மேல கப்ளிங். ட்ரெய்லரோட முன்பக்கத்தைத் தாங்கற சின்னச் சக்கரம்தான் ஜாக்கி வீல். அதை மெதுவா மேலே ஏத்துங்க, எடை முழுசா மரத்துல இறங்கணும். முள் 12 கிலோன்னு காட்டுதா? ரெண்டு மூட்டையை ஆக்ஸிலுக்கு முன்னால நகர்த்துங்க. 60-ன்னு காட்டுதா? பின்னால நகர்த்துங்க. கனமான சாமான் எப்பவும் ஆக்ஸிலுக்கு மேலயே, தரையோட தரையா இருக்கட்டும். மெஷின்ல 30 சொச்சம் வந்ததும் பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்க. கட்டாம விட்டா முதல் ரவுண்டானாலயே சாமான் நகர்ந்து உங்க கணக்கு கலைஞ்சுடும்.

[காட்சி: டோ பால் மீது கப்ளிங் இறங்குகிறது. 'டக்' என்ற சத்தம்.]

மாட்டறது ரெண்டு நிமிஷ வேலை, ஆனா கூட நிக்கறவரோட பேசிக்கிட்டே செய்யாதீங்க. கப்ளிங் பால் மேல முழுசா இறங்கி, கைப்பிடி கீழே படியணும். அந்தச் சத்தத்தை மட்டும் நம்பிக் கிளம்பாதீங்க. ஜாக்கி வீலைச் சுத்தி ட்ரெய்லரோட முன்பக்கத்தை உயர்த்திப் பாருங்க. காரோட பின்பக்கமும் கூடவே எழும்பினா பூட்டிக்கிச்சுன்னு அர்த்தம். கப்ளிங் மட்டும் கழண்டு வந்தா, நல்லவேளை, அது வீட்டு வாசல்லயே தெரிஞ்சுது. அப்புறம் பாதுகாப்புச் சங்கிலி. கப்ளிங் கழண்டாலும் ட்ரெய்லரைப் பிடிச்சு வெக்கறது அதுதான். தரையில உரசாத நீளத்துல மாட்டுங்க. ஜாக்கி வீலை மேலே ஏத்தி இறுக்குங்க.

ட்ரெய்லர் ப்ளக் ஏழு முள்ளாவும், கார் சாக்கெட் பதின்மூணு முள்ளாவும் இருக்கலாம். அடாப்டர் கடையில கிடைக்கும். மாட்டினதும் ஒருத்தரைப் பின்னால நிக்க வெச்சு பிரேக் லைட், ரெண்டு பக்க இண்டிகேட்டர், நம்பர் பிளேட் விளக்கு எல்லாத்தையும் பாருங்க. ட்ரெய்லருக்குப் பின்னால உங்க காரோட நம்பர், மஞ்சள் பிளேட்ல இருந்தாகணும். அட்டையில பேனாவால எழுதி ஒட்டறது செல்லாது.

அடுத்தது டயர். வருஷத்துல பத்து மாசம் தோட்டத்துல நிக்கற ட்ரெய்லர் டயர்ல கோடு தேயாது, ஆனா பக்கச்சுவர்ல விரிசல் விழும். பக்கத்துல நாலு இலக்கம் இருக்கும் பாருங்க: 2319-னா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செஞ்சது. சக்கரம் சின்னதுங்கறதால, காரோட சக்கரத்தைவிட வேகமா சுத்துது. பழைய டயருக்கு அது தாங்காது. காரோட பின் டயர்ல, முழுப் பாரத்துக்குன்னு கையேட்டுல போட்டிருக்கற அளவுக்குக் காத்து அடிங்க.

[காட்சி: சாலை. காருக்குள்ளிருந்து.]

ட்ரெய்லரோட போறப்போ வேக வரம்பு மாறுது. நடுவுல தடுப்பு இல்லாத ஒற்றைச் சாலையில மணிக்கு 50 மைல், நடுவுல தடுப்பு இருக்கற டூயல் கேரேஜ்வேலயும் மோட்டார்வேலயும் 60. மூணு லேன் உள்ள மோட்டார்வேல வலது ஓரத்து லேனுக்குப் போகவே கூடாது. 60 மைல்ல ஒரு கார் தனியா நிக்கறதுக்கே 73 மீட்டர் வேணும்னு நெடுஞ்சாலை விதிப் புத்தகம் சொல்லுது. பிரேக் இல்லாத ட்ரெய்லர் பின்னால இருந்தா அதுக்கு மேல. அதனால இடைவெளியைத் தாராளமா விடுங்க. இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சுக்கோங்க, பிரேக்கை மட்டும் நம்பி இறங்காதீங்க.

ட்ரெய்லர் நெளிய ஆரம்பிச்சா என்ன செய்யணும்? ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலை மெதுவா எடுங்க. ஸ்டியரிங்கை நேராப் பிடிச்சுக்கோங்க. அது இடது பக்கம் போனா நீங்க வலது பக்கம் திருப்பறதுன்னு ஈடு கொடுக்கப் பார்க்காதீங்க, உங்க கை எப்பவும் அரை நொடி பிந்தித்தான் போகும், ஆட்டம் கூடிடும். பிரேக்கை ஓங்கி மிதிக்காதீங்க. வேகத்தைக் கூட்டி நேராக்கலாம்னு சிலர் சொல்றாங்க, அதையும் கேட்காதீங்க. வேகம் தானா குறையட்டும், ஆட்டம் அடங்கும். அப்புறம் பத்திரமான இடத்துல நிறுத்தி முன்பாரத்தைச் சரிபண்ணுங்க. அதே பாரத்தோட மறுபடி 60 போனா மறுபடி ஆடும்.

[காட்சி: காலியான கார் நிறுத்துமிடம். ரிவர்ஸ். ட்ரெய்லரின் பின் மூலைகளில் இரண்டு மூங்கில் குச்சி.]

ரிவர்ஸ் எடுக்கறதுல பெரிய கேரவனைவிட இந்தச் சின்ன ட்ரெய்லர்தான் படுத்தும். நீளம் குறைவா இருக்கறதால சட்டுன்னு மடங்கிடும். காரைவிட அகலம் குறைவு, காலியா இருந்தா கண்ணாடியில தெரியவே தெரியாது. அதான் அந்த மூங்கில் குச்சி. ஸ்டியரிங்கோட அடிப்பகுதியில கையை வைங்க. ட்ரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ, கையை அந்தப் பக்கமே நகர்த்துங்க, கொஞ்சமா. திரும்ப ஆரம்பிச்ச உடனே கையைத் திருப்பிக் கொண்டு வந்து அதைப் பின்தொடருங்க. மடங்கறாப்ல தெரிஞ்சா சமாளிக்கப் பார்க்க வேண்டாம், முன்னால எடுத்து நேராக்கி மறுபடி வாங்க. இதை ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ஆளில்லாத இடத்துல பழகிட்டு, அப்புறம் குப்பைக் கிடங்கு வரிசைக்குப் போங்க. அங்கே போறதுக்கு முன்னாடி உங்க ஊர் கவுன்சில் (உள்ளாட்சி) இணையதளத்தையும் பார்த்துடுங்க, பல கவுன்சில்கள் ட்ரெய்லருக்கு முன்கூட்டியே பெர்மிட் கேட்கறாங்க.

[காட்சி: சாலையோர நிறுத்துமிடம். ஒரு கை ட்ரெய்லர் சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகே போகிறது.]

கிளம்பி ஒரு பத்துப் பதினஞ்சு மைல்ல ஒரு தடவை நிறுத்துங்க. பட்டை தளர்ந்திருக்கா, சங்கிலி உரசுதா, லைட் எரியுதான்னு பாருங்க. பிறகு ரெண்டு சக்கரத்தோட நடுப்பகுதிக்குப் பக்கத்துல கையைக் கொண்டு போங்க. லேசான சூடு இருந்தா சரி. ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிச்சா அந்தப் பக்கத்து பேரிங் போயிட்டு இருக்கு. பாரத்தோட மேற்கொண்டு ஓட்டாதீங்க. அங்கேயே ட்ரெய்லரை ஓரங்கட்டி உதவிக்கு ஃபோன் பண்ணுங்க.