தண்ணியில்லாக் காட்டின் மழைக் கணக்கு

பெரியவர்களே, தாய்மார்களே, பள்ளிக்கூடம் விட்டு நேரே இங்கே வந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு காலத்தில் அரசு ஊழியரை மிரட்ட ஒரே வாசகம் போதும். "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்!" எந்தக் காடு என்று யாரும் கேட்டதில்லை. ராமநாதபுரம்தான் என்று எல்லோருக்கும் தெரியும். முதுகுளத்தூர்ப் பக்கம் மானாவாரி விவசாயம் பார்த்த குடும்பம் எங்களுடையது. வேலைக்காக வெளியூர் போன காலத்தில், சொந்த ஊர் எது என்று சொன்னதும் எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். அது என்னை ரொம்ப நாள் உறுத்தியது. அப்புறம்தான் மழைக் கணக்கைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

நம் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 830 மில்லிமீட்டர். லண்டன் மாநகரத்தில் எவ்வளவு தெரியுமா? சுமார் 600. குடை இல்லாமல் வெளியே போக யோசிக்கிற ஊர் என்று பெயரெடுத்த லண்டனைவிட, தண்ணியில்லாக் காட்டில் அதிகம் பெய்கிறது. இதை முதல்முதலில் பார்த்தபோது தப்பாகப் படித்துவிட்டேனோ என்று மறுபடியும் படித்தேன்.

சரி, வித்தியாசம் எங்கே இருக்கிறது? அங்கே பன்னிரண்டு மாதமும் தூறலாகப் பிரிந்து விழுகிறது. வெயில் குறைவு, விழுந்த தண்ணீர் மண்ணில் தங்குகிறது. நமக்கோ ஏறக்குறைய 60 விழுக்காடு மழை அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்தில் வந்துவிடும். அந்த மூன்று மாதமும் விடாமல் பெய்யாது. வங்கக்கடலில் இரண்டு மூன்று தாழ்வு நிலை உருவாகி நம் பக்கம் திரும்பினால் அந்த வருஷம் பிழைத்தோம். திரும்பாமல் வடக்கே போய்விட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். 2016-ல் அதுதான் நடந்தது. தமிழ்நாடு முழுவதிலும் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்துபோனது. கரிசலில் பிளந்த வெடிப்பில் ஆட்டுக்குட்டியின் கால் சிக்கியதை நான் பார்த்தேன்.

தென்மேற்குப் பருவமழை ஏன் நமக்கு எட்டுவதில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். அரபிக்கடலிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போதே குளிர்ந்து, கேரளத்துப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்குவது வெறும் காற்று. இறங்க இறங்கச் சூடும் ஏறுகிறது. ஆனி, ஆடியில் நம் பனைமரத்தை ஆட்டுகிற காற்று அதுதான். ஐப்பசியில் காற்று திசை மாறி, கடலைத் தடவிக்கொண்டு வடகிழக்கிலிருந்து வரும்போதுதான் நமக்கு ஈரம்.

இந்தக் காற்றை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் பாம்பன், மண்டபத்து மீனவர்கள். அவர்களுக்கு இரண்டு கடல். பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். வடக்கேயிருந்து வாடைக் காற்று வீசினால் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். தெற்கேயிருந்து சோழகக் காற்று வீசினால் நேர்மாறு. வாடைக் காலத்துக் கடலை அவர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவு தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது இந்தப் பருவத்தில்தான். பயணிகளோடு ஒரு ரயிலும் போயிற்று.

வெயிலை மட்டும் நான் குறைசொல்ல மாட்டேன். மழை முடிந்த பிறகு நல்ல வெயில் இல்லையென்றால் முண்டு மிளகாய்க்கு அந்தச் சிவப்பும் காரமும் ஏது? 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் தெருவில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். பதநீரும் உப்பும் வெயில் தருவதுதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பெய்தால் சேர்ந்தாற்போலப் பெய்யும், இல்லையென்றால் பெய்யவே பெய்யாது என்பது நம் முன்னோருக்கு வரைபடம் இல்லாமலே தெரிந்திருந்தது. அதனால்தான் இந்தத் தட்டை நிலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களை வெட்டினார்கள். ஒரு கண்மாய் நிறைந்தால், மிச்சத் தண்ணீர் வழிய வைத்திருக்கும் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று சொல்வார்கள். நாரையே ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத நீளமாம். நாற்பது, ஐம்பது நாள் மழையை ஒரு வருஷத்துக்கு நீட்டிக்கொடுக்கிற கருவி கண்மாய். ஆழம் குறைவு என்பதால் சித்திரை வெயிலே பாதியைக் குடித்துவிடும். அதனால்தான் கார்த்திகைக்குள் அது விளிம்பு வரை நிறைந்தாக வேண்டும். சித்திரங்குடிக் கண்மாயும் காஞ்சிரங்குளம் கண்மாயும் இன்று உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இருக்கின்றன. கண்மாயில் தண்ணீர் இருக்கிற வருஷம்தான் அங்கே கூடு கட்டப் பறவைகள் வரும்.

2024 நவம்பர் 20-ம் தேதியை நினைத்துப் பாருங்கள். ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. வருஷத்து மழையில் ஏறக்குறையப் பாதி! வீடுகளில் தண்ணீர், தெருவில் படகு. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும் என்கிறது இயற்பியல். கடலும் சூடாகிக்கொண்டே போவதால், கொட்டினால் முன்னைவிட வேகமாகத்தான் கொட்டும். இனி நமக்கு மழை நாட்கள் இன்னும் குறையலாம் என்பது என் பயம். அப்படியானால் பெய்கிற ஒவ்வொரு நாளும் இரண்டு மடங்கு முக்கியம்.

எங்கள் ஊர்க் கண்மாய் நான்கு வருஷமாக முழுதாக நிறையவில்லை. மழை குறைவு என்றே நாங்களும் நம்பினோம். போன ஐப்பசியில் நல்ல மழைக்கு நடுவே, கண்மாய்த் தண்ணீரைப் பங்கிட்டுவிடும் எங்கள் நீர்ப்பாய்ச்சிப் பெரியவரோடு, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் நடந்து பார்த்தேன். ஓரிடத்தில் புது ரோட்டுக்கு அடியில் போட்டிருந்த குழாய், கால்வாய்த் தரையைவிட முழங்கால் உயரம் மேலே இருந்தது. கண்மாய்க்குப் போக வேண்டிய தண்ணீர் அங்கேயே தேங்கி, சீமைக்கருவேலத்துக்கு நடுவே பரவிக் கிடந்தது. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. குனிந்து அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஊற்றினார். அதற்குப் பிறகு மனுக் கொடுத்து, அலைந்து, இந்தச் சித்திரையில்தான் குழாயை இறக்கிப் போட்டார்கள்.

"பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் புரட்டாசி" என்பார்கள். புரட்டாசி பிறந்து பத்து நாள் ஆகிறது. புழுதி விதைப்பு முடிந்து நெல் மண்ணுக்குள் காத்துக்கொண்டிருக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற வழக்கமான நாள் அக்டோபர் 20. ஏறக்குறைய மூன்று வாரம் இருக்கிறது. இந்த ஊர் வரத்துக்கால் சுமார் நான்கு கிலோமீட்டர் என்று தலைவர் சொன்னார். வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் மேலக்கலுங்கில் நிற்பேன். அங்கிருந்து மேலே ஆற்றுத் தலைப்பு வரை நடப்போம். மண்வெட்டி இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொண்டு வாருங்கள். எங்கெங்கே அடைப்பு என்று எழுத ஆள் வேண்டும்.