காணாக்கடியும் மூன்று பக்க ரிப்போர்ட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்ப் பக்கம் காணாக்கடி என்று ஒரு சொல் உண்டு. உடம்பெல்லாம் திடீரென்று தடித்துச் சிவந்து அரிக்கும். கடித்த பூச்சி எது என்று கண்ணில் படாது, அதனால் காணாக்கடி. பாட்டி பழைய கம்பளியை எடுத்துப் பரபரவென்று தேய்த்துவிடுவார், வெற்றிலையில் மிளகை மடித்து மெல்லச் சொல்வார். கம்பளிக்கும் மிளகுக்கும் நான் சாட்சி சொல்ல வரவில்லை. ஆனால் தேய்த்துக்கொண்டே பாட்டி ஒன்று கேட்பார்: "மத்தியானம் என்னடா தின்ன?" முப்பது வருடமாகக் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். ஒவ்வாமையில் இதைவிட நல்ல கேள்வியை நான் இன்னும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்காமலேயே ரத்தம் எடுத்துவிடுகிறார்கள். அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

போன மழைக்காலத்தில் ஓர் அம்மா நான்கு வயதுப் பையனோடு வந்தார். கையில் மூன்று பக்க ரிப்போர்ட். பையனுக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது, ஏதாவது சாப்பாட்டு அலர்ஜியாக இருக்கும் என்று யாரோ சொல்ல, ஒரு பேக்கேஜாக நாற்பது உணவுக்கு ரத்தம் பார்த்திருக்கிறார்கள். பதினான்கு வரி சிவப்பில் இருந்தது. அரிசி, கோதுமை, துவரை, உளுந்து, கொண்டைக்கடலை, நிலக்கடலை, எள், முந்திரி என்று போகிறது பட்டியல். பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். இட்லி இல்லை, பருப்புசாதம் இல்லை. மூன்று மாதமாகக் கேழ்வரகுக் கூழும் உருளைக்கிழங்கும்தான். ஒன்றரைக் கிலோ இறங்கிவிட்டது.

"இதற்கு முன்னால் கடலை சாப்பிட்டிருக்கிறானா?" என்று கேட்டேன்.

"கடலைமிட்டாய் இல்லாமல் தூங்க மாட்டான் சார்."

"சாப்பிட்டு ஏதாவது செய்ததா? தடிப்பு, வாந்தி, இரைப்பு?"

"ஒன்றும் செய்ததில்லை. ரிப்போர்ட்டில்தான் சார் இருக்கு."

ரிப்போர்ட்டில்தான் இருக்கிறது! இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். அதற்கு முன்னால் ஒரு பழைய கதை. எனக்கு ரொம்பப் பிடித்த கதை, நேரத்தைத் தின்றாலும் சொல்லாமல் விட மாட்டேன்.

ஜெர்மனியில் அன்று பிரெஸ்லாவ் என்றொரு நகரம், இன்று அது போலந்தில் இருக்கிறது. அங்கே கார்ல் பிராவுஸ்னிட்ஸ், ஹைன்ஸ் க்யூஸ்ட்னர் என்று இரண்டு டாக்டர்கள். க்யூஸ்ட்னருக்கு மீன் ஆகாது. ஒரு துண்டு வாயில் போனாலே அரிப்பு, தடிப்பு, இருமல், வாந்தி. மீனில் கோளாறா, மனிதரிடம் கோளாறா? மனிதரிடம் என்றால் அவர் உடம்பில் எங்கே? பிராவுஸ்னிட்ஸ் என்ன செய்தார் தெரியுமா? நண்பரின் ரத்தத்திலிருந்து தெளிந்த நீரை, அதாவது சீரத்தை, எடுத்துத் தன் வயிற்றுத் தோலில் ஒரு துளி ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாறு ஒரு துளி. கொஞ்ச நேரத்தில் அந்த இடம் மட்டும் கொசு கடித்ததுபோல் வீங்கிச் சிவந்து அரித்தது. அவருக்கு மீன் ஒன்றும் செய்யாது என்பதை நினைவில் வையுங்கள். பக்கத்துத் தோலில் அதே சாறு போட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஆக, ஆகாது என்கிற அந்தக் குணம் சீரத்தில் கரைந்து, ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் தோலுக்குக் குடிபோயிருக்கிறது. 1921-இல் இதை எழுதி வெளியிட்டார்கள். பிறகு பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க இந்தச் சோதனையைச் செய்தார்கள். ஒருவர் சீரத்தை இன்னொருவருக்கு ஏற்றினால் மஞ்சள்காமாலையும் கூடவே வரும் என்று தெரிந்த பிறகுதான் கைவிட்டார்கள். பிராவுஸ்னிட்ஸ், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் நாட்டை விட்டு இங்கிலாந்து போய், வைட் தீவில் சாதாரணக் குடும்ப டாக்டராக இருந்தார். அந்த ஊர்க்காரர்கள் காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போனபோது, யாரிடம் போகிறோம் என்று தெரிந்திருக்குமோ என்னவோ!

சீரத்தில் இருந்த அந்தப் பொருள் என்ன என்பது பிடிபட இன்னும் நாற்பத்தைந்து வருடம் ஆயிற்று. அமெரிக்காவின் டென்வரில் இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதி ஒரு பக்கம், ஸ்வீடனின் உப்சாலாவில் யோஹான்சன், பென்னிக் என்ற இருவர் இன்னொரு பக்கம், தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். அது உடம்பே உண்டாக்கும் ஓர் எதிர்ப்புப் புரதம். 1968-இல் அதற்கு ஐஜிஇ என்று பெயர் வைத்தார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் ஐஜிஇ இதுதான். ஏன் அவ்வளவு காலம் என்றால், ரத்தத்தில் இதன் அளவு அவ்வளவு சொற்பம். ரிப்போர்ட்டில் ஒரு யூனிட் என்று போட்டிருந்தால், ஒரு மில்லிலிட்டர் சீரத்தில் இரண்டரை நானோகிராம்கூட இல்லை என்று பொருள்.

இதை எப்படி அளக்கிறார்கள்? காட்டு வழியில் நடந்தால் நாயுருவி வேட்டியில் ஒட்டுமே, அதுபோலத்தான். பஞ்சு மாதிரி ஒன்றில் நிலக்கடலையின் புரதத்தைப் பிடித்து வைத்திருப்பார்கள். அதன்மேல் உங்கள் சீரத்தை ஊற்றினால், கடலையை அடையாளம் தெரிந்த ஐஜிஇ மட்டும் ஒட்டிக்கொள்ளும், மற்றதெல்லாம் கழுவினால் போய்விடும். ஒட்டியது எவ்வளவு என்று அளக்கிறார்கள். அவ்வளவுதான் சோதனை. உங்கள் ரத்தத்துக்குக் கடலையைத் தெரியுமா என்று அது சொல்லும். கடலை தின்றால் உங்களுக்கு ஏதாவது ஆகுமா என்று அது சொல்லாது. திரும்பவும் சொல்கிறேன், அடுப்படியில் வேலையாக இருப்பவர்களுக்காக: ரத்தத்துக்குத் தெரிந்திருப்பது வேறு, உடம்புக்கு ஆகாமல் போவது வேறு.

நம் பக்கத்து மாநிலத்திலேயே இதற்குக் கணக்கு இருக்கிறது. கர்நாடகத்தில், மைசூரு, பெங்களூரு பக்கம், பெரியவர்களிடம் ரத்தம் எடுத்துப் பார்த்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு. ஏதாவது ஓர் உணவுக்கு ஐஜிஇ இருந்தவர்கள் நூற்றுக்கு 26.5 பேர். சாப்பிட்டு உண்மையிலேயே ஒவ்வாமை வந்திருக்கலாம் என்று கணித்தது நூற்றுக்கு 1.2 பேர். இருபத்தாறு எங்கே, ஒன்று எங்கே! கேள்வி கேட்காமல் நாற்பது உணவுக்கு ரத்தம் பார்த்தால், அந்த இருபத்தாறு பேரும் பயந்து வீட்டுக்குப் போவார்கள்.

ஏன் இப்படி? புரதங்களுக்குச் சொந்தபந்தம் அதிகம். நிலக்கடலையைக் கொட்டை என்று நினைக்கிறோம். செடியைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது துவரைக்கும் உளுந்துக்கும் பங்காளி. பூ மேலே பூக்கும், காம்பு மண்ணுக்குள் இறங்கிக் காய்க்கும். ஒன்றுக்கு உண்டான ஐஜிஇ, பங்காளி வீட்டுக் கதவையும் தட்டும். அதனால் கடலைக்கு பாசிட்டிவ் என்றால் மூன்று பருப்புக்கும் சேர்த்து பாசிட்டிவ் காட்டலாம். ஆனால் சாப்பிட்டால் எல்லாமே ஆகாமல் போவது குறைவு. முந்திரியும் பிஸ்தாவும் அப்படியில்லை, ஒன்று ஆகாதவருக்குப் பெரும்பாலும் மற்றதும் ஆகாது. கோதுமை இன்னொரு வேடிக்கை. கோதுமை ஒரு புல். புல் மகரந்தத்துக்குத் தும்முகிறவர் ரத்தத்தில் கோதுமையும் சிவப்பாக வரும், அவர் பாட்டுக்குத் தினம் நாலு சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

இங்கே நம் மொழியின் ஒரு குறும்பையும் சொல்ல வேண்டும். "கடலை ஆகாது" என்று எழுதிக் கொடுத்தால் எந்தக் கடலை? நிலக்கடலையா, கொண்டைக்கடலையா, பொட்டுக்கடலையா? ஒரு வீட்டில் ஆறு மாதம் பொட்டுக்கடலைச் சட்னியை நிறுத்திவிட்டு, செக்கில் ஆட்டிய கடலெண்ணெயில் தாளித்துக்கொண்டிருந்தார்கள். பையனுக்கு ஆகாதது நிலக்கடலை. சுத்திகரித்த எண்ணெயில் புரதம் அநேகமாக இருக்காது, செக்கெண்ணெயில் கொஞ்சம் தங்கும். டாக்டர் கடலை என்றால், எது என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

அப்படியானால் சோதனையே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. முந்திரிக் கேக் தின்ற பத்தாவது நிமிடம் உதடு வீங்கியது, மூச்சு இரைத்தது என்று ஒருவர் வந்தால், முந்திரிக்கு மட்டும் ஐஜிஇ பார்ப்பது தங்கமான சோதனை. தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்கு அரிப்பு மாத்திரையைச் சில நாள் நிறுத்த வேண்டும், ரத்தத்துக்கு அது வேண்டாம். எண் கூடக் கூட, ஒவ்வாமை இருக்கும் வாய்ப்பும் கூடும். ஆனால் எண் பெரிதாக இருந்தால் வரப்போவதும் பெரிதாக இருக்கும் என்று அர்த்தமில்லை. சின்ன எண்காரர் மோசமாக விழுந்ததையும் பார்த்திருக்கிறேன்.

ஐஜிஜி என்று வேறோர் எதிர்ப்புப் புரதத்தை அளந்து, நூறு இருநூறு உணவுக்கு "இன்டாலரன்ஸ்", அதாவது ஒத்துக்கொள்ளாதவை என்று பட்டியல் தருகிறார்களே, அதற்குக் காசு கொடுக்காதீர்கள். ஐஜிஜி என்பது நீங்கள் அதைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதற்கு அடையாளம், அவ்வளவே. தினம் சோறு சாப்பிடுகிறவருக்கு அரிசிக்கு ஐஜிஜி இல்லாமல் என்ன செய்யும்? ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர் சங்கம் 2008-லேயே இதைச் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

அந்தப் பையனுக்கு வருகிறேன். வீட்டுக்குப் போய் எல்லாம் கொடுங்கள் என்று அந்த அம்மாவிடம் நான் சொல்லவில்லை. இத்தனை மாதம் நிறுத்திவிட்டால், முன்பு ஒத்துக்கொண்டதே ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு. மருத்துவமனையில் பக்கத்தில் உட்காரவைத்து, மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு, கடலையை அரைத்து ஊசிமுனை அளவு, பிறகு கால் கரண்டி, பிறகு ஒரு கரண்டி என்று கொடுத்தோம். உறுதியாகச் சொல்லும் சோதனை இதுதான். வீட்டில் செய்கிற வேலையில்லை. பையன் மூன்றாவது கரண்டிக்குக் கையை நீட்டினான். சளி? அது பள்ளிக்கூடத்துச் சளி.

நேரம் முடிகிறது என்று ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். கைக்குழந்தைக்குக் கடலை எப்போது கொடுப்பது என்று விரிவாகப் பேச வைத்திருந்தேன். ஒரே வரியில்: லண்டனில் 640 குழந்தைகளிடம் நடந்து 2015-இல் வந்த ஆய்வில், முதல் வயதிலேயே கடலை உணவைத் தொடங்கியவர்களுக்குக் கடலை ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது. கடுமையான கரப்பான், அதாவது எக்ஸிமா என்கிற தோல் நோய், உள்ள குழந்தை என்றால் டாக்டரைக் கேட்டுத் தொடங்குங்கள். முழுக்கடலை வேண்டாம், புரையேறும், அரைத்துத்தான். கோதுமையால் குடலுக்கு வரும் சீலியாக் நோய் வேறு, அதற்கு ரத்தச் சோதனையும் வேறு, அதற்கு இன்று நேரமில்லை. கடைசியாக, சாப்பிட்டதும் மூச்சு இரைத்தால், மயக்கம் வந்தால் அரிப்பு மாத்திரையை நம்பி உட்காராதீர்கள். தொடையில் போட வேண்டியது அட்ரினலின் ஊசி. 108-ஐக் கூப்பிடுங்கள், ஆளைப் படுக்க வையுங்கள், மூச்சுத் திணறினால் மட்டும் உட்கார வைக்கலாம், எழுந்து நடக்க விடாதீர்கள். வணக்கம்.